விண்ணப்பங்களில் நிராகரிக்கப்படும் கைத்தொலைபேசிப் படங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

இணையவழி விண்ணப்பங்களுக்குப் பதிவேற்றப்படும் கைத்தொலைபேசிப் படங்கள் தெளிவான காரணம் எதுவும் சொல்லப்படாமலே நிராகரிக்கப்படுவதைப் பற்றிச் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். திருகோணமலை நகரில் போட்டோப்பிரதி, தட்டச்சு, இணைய விண்ணப்பம் ஆகிய வேலைகளைச் செய்துகொடுக்கும் தொடர்பாடல் நிலையமொன்றை நடத்துபவன் என்ற வகையில், மூதூர், கிண்ணியா, குச்சவெளி போன்ற இடங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள் இந்த ஒரே முறைப்பாட்டோடு கடைக்குள் நுழைவதை அடிக்கடி காண்கிறேன். அடையாள அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ ஐபோனில் தெளிவாகப் படம் எடுத்திருப்பார்கள். விண்ணப்பத் தளமோ அதைத் தொட்டவுடன் சிவப்பு நிறத்தில் ஓர் ஆங்கில வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். படம் மங்கலாக இருக்கிறதா, அளவு கூடிவிட்டதா, இணைப்பு அறுந்ததா என்று எதுவும் புரியாமல் நாலைந்து முறை முயன்றுவிட்டு, கடைசியில் போனில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிக்கொண்டு வருவார்கள்.

போனில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் எடுத்த படம் எச்.ஈ.ஐ.சி. என்ற வகையைச் சேர்ந்தது. விண்ணப்பத் தளம் ஜேபெக், பி.என்.ஜி., பி.டி.எஃப். ஆகிய மூன்றை மட்டும் ஏற்கும்படி செய்யப்பட்டது. இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு படத்தை அனுப்புகிறவருக்கு உரியதன்று, அதைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கே உரியது என்பதும், அதற்கான வேலை மிகச் சிறியது என்பதும் என் கருத்து.

நாம் இத்தனை காலமும் பழகிய ஜேபெக் முறை 1992 ஆம் ஆண்டு தரமாக ஏற்கப்பட்டது. அதன் அடிப்படையாக அமைந்த கணித உருமாற்றத்தை நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974 இல் வெளியிட்டனர். அவர்களுள் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர் என்பதை இங்கு ஒரு மகிழ்ச்சிக்காகக் குறிப்பிடுகிறேன். முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அம்முறை உலகெங்கும் புழங்குவதே அதன் சிறப்புக்குச் சான்று. ஆயினும் அது பிறந்த காலத்துக் கணினிகளின் ஆற்றலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. அதன்பின் அசைபடங்களைச் சுருக்கும் கலை வெகுவாக வளர்ந்தது. 2013 இல் எச். 265 எனப்படும் காணொளிச் சுருக்க முறை தரமாக வந்தது. அதே முறையால் சுருக்கிய நிலைப்படங்களைப் பொதிந்துவைப்பதற்கான ஹீஃப் என்ற கொள்கலத்தை, காணொளித் தரங்களை வகுக்கும் எம்பெக் குழு 2015 இல் நிறைவு செய்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே எச்.ஈ.ஐ.சி. அப்பிள் நிறுவனம் 2017 செப்டெம்பரில் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 11 இலிருந்து, ஐபோன் 7 முதலான போன்கள் படங்களை இந்த வகையிலேயே சேமித்து வருகின்றன. அன்ட்ரொயிட்டும் 2018 இல் வந்த தன் 9 ஆம் பதிப்பிலிருந்து இதற்கு இடமளிக்கிறது.

சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை உள்ளூர்ப் படமொன்றை வைத்தே விளக்கலாம். கோணேசர் கோயிலைக் கடலையும் வானத்தையும் சேர்த்து 12 மெகாபிக்சல் போனொன்றில் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அகலத்தில் 4032, உயரத்தில் 3024 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்களின் அளவைச் சுருக்காமல் அப்படியே எழுதிவைத்தால் ஏறத்தாழ 36 மெகாபைட் பிடிக்கும். ஜேபெக் இந்தப் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக, அதாவது ஓர் இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டுகிறது. எந்த வேறுபாடும் இல்லாத நீல வானத்துக்கும் அதே சிறு கட்டம், கோபுரத்தின் நுணுக்கமான சுதை உருவங்களுக்கும் அதே சிறு கட்டம். அத்துடன், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தை மட்டுமே கடனாகப் பெறுகிறது. மற்ற விவரத்தை எல்லாம் தனித்தனியே எழுதிக்கொள்கிறது.

புதிய முறை அப்படிச் செய்வதில்லை. வானம் போன்ற வெறும் பரப்புக்கு அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு புள்ளிகள் வரை பெரிய கட்டம் எடுத்துக்கொள்கிறது. சுதை உருவங்கள் வந்தவுடன் நான்குக்கு நான்கு வரை இறங்கி நுணுகிப் பார்க்கிறது. மேலும், ஏற்கெனவே எழுதி முடித்த பக்கத்துப் புள்ளிகளை வைத்து அடுத்த கட்டம் எப்படி இருக்கக்கூடும் என்று முப்பத்தைந்து வழிகளில் ஊகிக்கிறது. அடிவானக் கோடு இடமிருந்து வலமாக நேராக ஓடினால் அந்தத் திசையிலேயே நீட்டிப் பார்த்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துவைக்கிறது. ஊகம் சரியாக இருக்கும் இடங்களில் எழுதுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இராது. இதனால்தான் கண்ணுக்கு அதே தரத்தில் தெரியும் படம், காட்சியைப் பொறுத்துச் சற்றுக் கூடியும் குறைந்தும், ஜேபெக்கில் பிடிக்கும் இடத்தின் பாதியளவில் அடங்கிவிடுகிறது. ஐபோன் அத்தகைய 12 மெகாபிக்சல் படத்தை 512 புள்ளி அளவுள்ள நாற்பத்தெட்டுச் சதுரங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது என்பதும், ஒரே கோப்பினுள் படத்தோடு, எந்தப் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற ஆழத் தகவலையும் சிறு முன்னோட்டப் படத்தையும் சேர்த்து வைக்கிறது என்பதும் இதன் கூடுதல் வசதிகள்.

பாதி இடம் என்பது அற்ப விடயமன்று. 64 ஜிபி போனை வைத்துக்கொண்டு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாப் படங்களை அழிக்கவும் மனமின்றி, புதிதாக எடுக்கவும் இடமின்றித் தவிக்கும் தாய்மாரையும், டேட்டாப் பொதி முடியும் முன் கட்டாருக்குப் படங்களை அனுப்பிவிட வேண்டுமென்று அவசரப்படும் மனைவியரையும் நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆகவே இந்தப் புதிய வகை போன் விற்பதற்கான தந்திரம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதற்கில்லை.

அப்படியானால் இது எங்கும் ஏற்கப்படாததற்குக் காரணம் என்ன? முதன்மையானது காப்புரிமை. எச். 265 முறையில் பல நிறுவனங்களுக்குக் காப்புரிமைகள் உண்டு. அதைப் பயன்படுத்தும் மென்பொருள்களும் கருவிகளும் உரிமக் கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேண்டியுள்ளது. விண்டோஸ் கணினியில் இவ்வகைப் படத்தைத் திறப்பதற்கான ஒரு துணைப்பொருள் இலவசமாகக் கிடைக்க, அதற்குத் தேவையான மற்றொன்றுக்கு மைக்ரோசொஃப்ட் கடையில் ஏறத்தாழ ஒரு டொலர் கேட்பது இதன் விளைவே. குரோம், பயர்பொக்ஸ் போன்ற உலாவிகள் இவ்வகைப் படத்தைத் தாமாகக் காட்டுவதில்லை; அப்பிளின் சஃபாரி மாத்திரம் 2023 இல் வந்த 17 ஆம் பதிப்பிலிருந்து காட்டுகிறது. உலாவி காட்டாத ஒன்றைத் தளம் அமைப்பவரும் கணக்கில் எடுப்பதில்லை. பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து, பட்டியலில் இல்லையென்றால் தள்ளிவிடும்படி நிரல் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

தளம் தள்ளிவிட்ட பிறகு நடப்பவைதாம் எனக்குக் கவலை தருகின்றன. முதலாவதாக, கோப்பின் பெயரை மாற்றிப் பார்ப்பார்கள். கடைசி நான்கு எழுத்துகளை அழித்துவிட்டு ஜேபெக்குக்குரிய எழுத்துகளைத் தட்டிவிட்டால் சில தளங்கள் ஏமாந்து ஏற்றுக்கொள்ளவும் செய்யும்; அது மா மூட்டையில் அரிசிச் சீட்டை ஒட்டியதைப் போன்றது. அந்தக் கோப்பை நோட்பேட்டில் திறந்து பாருங்கள்: புரியாத குறிகளின் நடுவே, முதல் வரியிலேயே, உண்மையான வகைப் பெயர் ஆங்கில எழுத்துகளில் அப்படியே கிடக்கும். விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்று திரையில் வந்துவிடும்; பல நாள் கழித்து அலுவலர் அந்தப் படத்தைத் திறக்க முயலும்போது அது திறவாது. காலக்கெடு முடிந்த பிறகு இது தெரியவந்தால் விண்ணப்பதாரியின் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வழி, படத்தைத் திரையில் திறந்து வைத்து ஸ்க்ரீன்ஷொட் எடுப்பது. அப்போது பன்னிரண்டு மெகாபிக்சல் படம் திரையின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மூன்றாவது, வட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி அங்கிருந்து தரவிறக்குவது. வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தை ஜேபெக்காக மாற்றித்தான் கொடுக்கும், ஆனால் அளவையும் வெகுவாகக் குறைத்துவிடும். சிரிக்கும் முகத்துக்கு அது போதும். பழைய பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் பேனையால் எழுதிய பெயருக்குப் போதாது. பெரிதாக்கிப் பார்த்தால் ககரமும் சகரமும் ஒன்றுபோல் குழம்பித் தெரியும். அலுவலகத்திலிருந்து தெளிவான பிரதி அனுப்பவும் என்று மீண்டும் கடிதம் வரும்.

நான்காவது வழியே ஆபத்தானது. படத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் முகந்தெரியாத இணையத்தளங்களில் அடையாள அட்டையின் இரு பக்கங்களையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும், கடவுச்சீட்டையும் மக்கள் கூசாமல் ஏற்றிவிடுகிறார்கள். எந்த நாட்டுக் கணினிக்குப் போகிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தின் அமைவுக் குறிப்பும் போய்விடக்கூடும் என்பதைப் பலர் அறியார்கள். ஒரு விண்ணப்பத் தளம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததால் ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் முழுவதும் அந்நியர் கையில் விழுவதை நான் சாதாரண அசௌகரியமாகக் கருதவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் வந்த சிக்கலன்று. 2020 மே மாதத்தில், கொரோனாத் தொற்றுக் காரணமாக அமெரிக்காவில் உயர்பள்ளி மாணவர்கள் பல்கலைக்கழக மட்டப் பாடங்களில் எழுதும் ஏ.பி. பரீட்சைகள் வீட்டிலிருந்தபடியே நடத்தப்பட்டபோது, கையால் எழுதிய விடைகளை ஐபோனில் படமெடுத்துக் கணினிக்கு மாற்றிப் பதிவேற்றிய மாணவர்கள் சிலரின் விடைத்தாள்கள் இதே காரணத்தால் ஏற்கப்படாமற் போயின. பரீட்சை நேரம் முடியும் தறுவாயில் படத்தின் வகையை எங்கே போய் மாற்றுவது? பின்னர் மின்னஞ்சல் வழியாக விடைகளை அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. அவ்வளவு வசதியுள்ள நாட்டின் பரீட்சை நிறுவனமே இதை முன்கூட்டி எதிர்பார்க்கவில்லை என்பதால், இங்குள்ள அலுவலகங்களைப் பெரிதாகக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டுகள் கடந்துவிட்டன.

செய்ய வேண்டியது என்னவென்றால், வரும் படம் எந்த வகையாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டு, பெறும் கணினியே அதை ஜேபெக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கான லிப்ஹீஃப் என்ற திறந்த மூல மென்பொருள் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக உள்ளது. தளத்தை அமைத்துக்கொடுத்த நிறுவனத்துக்கு இது பெரிய வேலையன்று. உரிமம் பற்றிய தயக்கம் இருந்தால் அதைவிட எளிய வழியும் உண்டு. படத்தைத் தெரிவு செய்யும் பெட்டியின் நிரலில் ஜேபெக் மட்டுமே வேண்டும் என்று குறிப்பிட்டுவிட்டால், ஐபோனில் உள்ள உலாவி படத் தொகுப்பிலிருந்து எடுக்கும் படத்தைப் பெரும்பாலும் தானே மாற்றி அனுப்பிவிடும். ஒரேயொரு வரி. கணினி வழியாகப் பதிவேற்றுபவர்களுக்கு இது உதவாது என்றாலும், போனிலிருந்தே விண்ணப்பிப்பவர்களின் தொல்லை அன்றே குறையும்.

இவை இரண்டும் இயலாதென்றால், பிழைச் செய்தியையாவது தமிழிலும் சிங்களத்திலும் முழு வாக்கியமாகத் தர வேண்டும். "செல்லுபடியாகாத கோப்பு" என்பதன் ஆங்கிலத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்பதால் யாருக்குப் பயன்? இந்தப் படம் இன்ன வகையைச் சேர்ந்தது, இன்ன வகையில் மாற்றி அனுப்பவும், மாற்றும் முறை இது என்று மூன்று வரிகளில் சொன்னால், தம்பலகாமத்திலிருந்து ஒருவர் அரை நாள் கூலியை இழந்து நகரத்துக்கு வர வேண்டியதில்லை. இதை எழுதுவதால் என் கடைக்கு வரும் வாடிக்கையாளர் சிலர் குறைவார்கள் என்பதையும் அறிவேன். போட்டோப்பிரதி இயந்திரம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம்.

அதுவரை ஐபோன் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸ் பகுதியில் கமரா என்பதைத் திறந்து, அதனுள் ஃபோர்மட்ஸ் என்பதில் மோஸ்ட் கொம்பட்டிபிள் என்பதைத் தெரிவுசெய்துவிட்டால் அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக்கிலேயே சேமிக்கப்படும். ஏற்கெனவே எடுத்தவை மாறமாட்டா. இடமும் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே ஆவணங்களைப் படமெடுக்கும் அன்றைக்கு மட்டும் இதை மாற்றிவிட்டு, பிறகு பழையபடி ஹை எஃபிஷன்சிக்குத் திருப்பிவைப்பதே நல்லது என்பேன். கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றும்போது ஒட்டோமட்டிக் என்ற தெரிவு இருந்தால் போன் தானே ஜேபெக்காக மாற்றித் தரும். ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை ஒரேயடியாக இழுக்கும்போது இணைந்துள்ள கருவி இயங்கவில்லை என்று விண்டோஸ் நடுவழியில் நின்றுவிடுவது இதனால்தான். அப்போது கீப் ஒரிஜினல்ஸ் என்று மாற்றிவிட்டால் வேலை ஓடும். பின்னர் கணினியிலேயே, இணையத்துக்கு அனுப்பாமல் மாற்றிக்கொள்ளலாம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் 2018 இல் வந்த 2.10.2 ஆம் பதிப்பிலிருந்து இவ்வகைப் படங்களைத் திறக்கிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். எல்லாப் படங்களையும் ஜேபெக்காக மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடுமாறு சில கடைகளில் ஆலோசனை சொல்கிறார்கள். ஒருமுறை சுருக்கிய படத்தை அவிழ்த்து வேறு முறையில் மீண்டும் சுருக்கும்போது தரம் சற்றுக் குறையவே செய்யும். கோப்பின் அளவு கூடும், ஆழத் தகவல் முதலியவை போய்விடக்கூடும். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி வந்த கடலும், அதற்கு முந்திய இடப்பெயர்வுகளும் இம்மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் அல்பங்களைக் கொண்டுபோய்விட்டன. தாத்தாவின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இங்கே உண்டு. அத்தகைய ஊரில் மூலப் படத்தை அலட்சியமாக அழிப்பது சரியன்று. விண்ணப்பத்துக்கு ஜேபெக் பிரதி எடுங்கள், மூலத்தை அப்படியே வேறோர் இடத்திலும் வைத்திருங்கள். எதிர்காலத்தில் திறக்க முடியாமற் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. ஹீஃப் என்பது வெளியிடப்பட்ட சர்வதேசத் தரம், திறக்கும் நிரலும் பொதுவில் உள்ளது.

இத்துடன் புதிய பட வகைகளின் வரிசை முடியப்போவதுமில்லை. கூகுள் 2010 இல் கொண்டுவந்த வெப்பீ இணையத்தில் ஏற்கெனவே பரவிவிட்டது. காப்புரிமைக் கட்டணம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஏ.வி.ஐ.எஃப். 2019 இல் வந்தது. இன்றைய முக்கிய உலாவிகள் எல்லாம் அதைக் காட்டுகின்றன. பழைய ஜேபெக் கோப்பை எந்த இழப்பும் இன்றி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும்படி மேலும் சுருக்கி, வேண்டும்போது பழையபடியே மீட்டுத் தரக்கூடிய ஜேபெக் எக்ஸ்.எல்.லை, 2023 இன் தொடக்கத்தில் குரோம் தன் சோதனைப் பட்டியலிலிருந்து நீக்க, அவ்வாண்டே சஃபாரி சேர்த்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களின் இந்த இழுபறியில் எது வெல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்து பட்டியலில் ஒவ்வொரு பெயராகச் சேர்ப்பதைவிட, வருவதை வாங்கி மாற்றிக்கொள்ளும் ஒழுங்கை ஒருமுறை அமைத்துவிடுவது அலுவலகங்களுக்கே இலாபம்.

இறுதியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தல்களுக்கும் நினைவஞ்சலிகளுக்கும் உரிய படங்கள் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் ஐபோன்களிலிருந்தே வருகின்றன. வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் அச்சில் கறையாக விழுகிறது. மின்னஞ்சலில் மூலமாக வந்தால் திறக்க முடியவில்லை என்று பதில் வருகிறது. எச்.ஈ.ஐ.சி. படங்களையும் ஏற்றுக்கொள்வோம், மாற்றும் வேலையை விளம்பரப் பிரிவே செய்துகொள்ளும் என்று விளம்பரக் கட்டண விவரம் அச்சாகும் பகுதியில் ஒரு வரி சேர்ப்பீர்களாயின், கனடாவிலிருந்து மகன் அனுப்பிய தாயின் படத்தை அச்சுக்குப் போகும் நேரத்துக்கு முன் மாற்றித் தரும்படி, செத்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து என் கடைக்கு ஓடிவர வேண்டிய தேவை இராது.

இங்ஙனம்,
தொடர்பாடல் நிலைய உரிமையாளர் ஒருவர்,
திருகோணமலை.